முகம் மாறட்டும், கூடு நிற்கட்டும்

தேவைக்குச் செலவிடுபவன் குடும்பத்தைக் காக்கிறான். பிறர் கண்ணுக்குச் செலவிடுபவன் கடனை வளர்க்கிறான். இந்த எளிய உண்மையை அறியாதவர் மலேசியத் தமிழரிடையே இல்லை. அறிந்தும் அதன்படி ஒழுகாதவரோ மிகப் பலர். திருமண விருந்திலும் காதணி விழாவிலும் நிகழும் வீண்செலவைக் கண்டித்து மேடைகள் பல முழங்கியிருக்கின்றன. ஆனால் வீட்டின் பின்கட்டில், அடுப்பங்கரையில், விருந்தினர் அறியாமல் நிகழும் மற்றொரு வீண்செலவைப் பற்றிப் பேசுவார் அரியர். நல்ல நிலையிலுள்ள சமையலறை அலமாரிகளைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதியன பொருத்தும் வழக்கமே அது.

ஜார்ஜ்டவுனிலும் அதனைச் சூழ்ந்த ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், குளுகோர் முதலிய பகுதிகளிலும், தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்போது இக்காட்சியைக் காணலாம். வீட்டு வாயிலில் லாரி ஒன்று வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே உழைத்த கதவுகளும் தட்டுகளும் இழுப்பறைகளும் உடைத்து ஏற்றப்படும். அவை செய்த குற்றம் யாது? கரையான் அரித்ததா? இல்லை. நீர் புகுந்து உப்பினவா? அதுவும் இல்லை. நிறம் மங்கியது, கைப்பிடியின் மெருகு போயிற்று, அடுத்த வீட்டிற்குப் புதியது வந்தது. இம்மூன்று குற்றங்களுக்காகவே அவை நாடு கடத்தப்படுகின்றன.

நிறம் மங்கியதற்கு மருந்து நிறம். கதவு கெட்டதற்கு மருந்து கதவு. கண்ணாடியில் தூசு படிந்தது என்பதற்காக வீட்டை இடிப்பார் உண்டோ? அலமாரியின் கூடு திடமாக நிற்குமானால் அதன் முகத்தை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. கூடு அழுகியிருக்க முகத்தை மட்டும் மாற்றுவது ஏமாற்று. திடமான கூட்டையும் சேர்த்து இடிப்பது ஊதாரித்தனம். இம்மூன்றையும் பிரித்தறியாமையே இன்று பல குடும்பங்களின் சேமிப்பை அரிக்கும் கரையானாகும்.

கூடும் முகமும்

மக்கள் வழக்கில் ‘கேபினட்’ எனப்படும் சமையலறை அலமாரி இரு பகுதிகளால் ஆனது. பக்கப் பலகை, அடிப் பலகை, முதுகுப் பலகை, உள்தட்டு ஆகியவை சேர்ந்தது கூடு. சட்டி பானையின் சுமையையும் மேல்மேடையின் சுமையையும் தாங்குவது அதுவே. கதவு, இழுப்பறையின் முன்பலகை, வெளியே தெரியும் ஓரப் பலகை ஆகியவை சேர்ந்தது முகம். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது முகம். ஆண்டுக்கணக்கில் உழைப்பது கூடு. முகம் விரைவில் தேய்கிறது. ஏனெனில் கையும் எண்ணெயும் ஆவியும் மஞ்சளும் நாள்தோறும் தீண்டுவது அதனைத்தான். கூடு மெல்லத் தேய்கிறது. வெவ்வேறு ஆயுள் உடைய இரண்டையும் ஒரே நாளில் சாகடிப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இந்த அலமாரியின் வரலாற்றை நோக்கினும் இவ்வுண்மை விளங்கும். முன்னாளில் இந்நாட்டுத் தமிழர் வீடுகளில் இருந்தது கம்பிவலை பொருத்திய மர அலமாரி. எறும்பு ஏறாதிருக்க அதன் கால்கள் நான்கும் நீர்க்கிண்ணங்களில் நின்றன. வலை கிழிந்தால் வலையை மாற்றினர். கால் உளுத்தால் காலை மாற்றினர். அலமாரியை எறிந்தார் இல்லை. பின்னர்ச் சிமெண்டு மேடை வந்தது. செங்கல் சுவர்களின் மேல் கற்காரைப் பலகை இட்டு, ஓடு பதித்து, கீழே கதவு பொருத்தும் அவ்வமைப்பு இன்றும் எண்ணற்ற வீடுகளில் உண்டு. அங்கே கூடு செங்கல். கரையானுக்கு அதில் உணவில்லை. கதவு மட்டுமே மரம். அத்தகைய மேடையையும் உளி கொண்டு பிளந்து, அவ்விடத்தில் பலகைப் பெட்டிகளை நிறுத்துவதற்கு முன்னேற்றம் என்று பெயர் சூட்டுகின்றனர். கல்லைக் கொடுத்துத் தூளை வாங்குவது என்ன முன்னேற்றமோ!

சுவரோடு இணைந்த அலமாரி வரிசையும் முதலில் பகட்டுக்காகப் பிறந்ததன்று. 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சிறிய சமையலறையை வகுத்தார். வேலை செய்யும் பெண் வீணாக நடக்கும் நடையைக் குறைப்பதே அவர் நோக்கம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அவ்வமைப்பு இடம்பெற்றது. உழைப்பவளின் காலுக்கு ஓய்வு தர வந்த பொருள், இன்று உழைப்பவனின் சம்பளத்திற்கு ஓய்வில்லாமற் செய்கிறது.

‘பார்மைக்கா’ என எல்லாரும் அழைக்கும் மேலொட்டுத் தகட்டின் கதையும் இத்தகையதே. 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மின்கருவிகளில் பயன்பட்ட மைக்கா என்னும் கனிமத்திற்கு மாற்றாக அது கண்டுபிடிக்கப்பட்டது. பெயரும் அதனால் வந்ததே. பிசினில் தோய்த்த தாள்களை அடுக்கி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கிய மெல்லிய தோல் அது. பலகையின் மேல் ஒட்டப்படுவது. எனவே தேய்ந்தால் மீண்டும் ஒட்டத்தக்கது. கதவைத் தாங்கும் மறைகீலும் அவ்வாறே. உலகெங்கும் பெரும்பாலான அலமாரிக் கதவுகளில் அக்கீலுக்கான குழியின் விட்டம் 35 மில்லிமீட்டர். பழைய கதவைக் கழற்றிப் புதிய கதவை அதே கூட்டில் மாட்டுவதற்குப் பெருந்தடை ஏதுமில்லை. மாற்றத்தக்க உறுப்பாகவே அமைந்த ஒன்றை மாற்றாமல் முழுவதையும் எறியச் சொல்வது தொழில்நுட்பம் அன்று; வாணிகம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு குடும்பம் 20,000 வெள்ளியைக் கடனாகப் பெற்று அடுக்களையைப் புதுப்பிப்பதாகக் கொள்க. குறையும் நிலுவைக்கு ஆண்டு வட்டி 8 விழுக்காடு, தவணை 5 ஆண்டு என்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 405 வெள்ளி கட்ட வேண்டும். கடன் தீரும்போது செலுத்திய தொகை 24,300 வெள்ளியைத் தாண்டியிருக்கும். வட்டியாகப் போன 4,300 வெள்ளிக்கு வீட்டில் ஓர் ஆணியும் மிஞ்சாது. அதே வீட்டில் கூட்டை வைத்துக்கொண்டு கதவுகளை மட்டும் மாற்றினால், பலகையும் குறைவு, தச்சரின் நாளும் குறைவு. பல குடும்பங்கள் கடனின்றியே அதனை முடித்துவிட இயலும்.

கடன் வாங்காதவர் வேறொரு பெட்டியைத் திறக்கின்றனர். ஊழியர் சேமநிதி 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினரின் கணக்கை மூன்றாகப் பிரித்தது. புதிய சந்தாவில் 10 விழுக்காடு, எப்போது வேண்டுமாயினும் எடுக்கத்தக்க நெகிழ்வுக் கணக்கில் சேர்கிறது. அவசரத்திற்கு உதவட்டும் என்று வைத்த கதவு அது. நோய் வந்தால் திறக்கலாம். வேலை போனால் திறக்கலாம். அலமாரிக் கதவின் நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக அதனைத் திறப்பது எவ்வகை அவசரம்? அந்நிதி 2023ஆம் ஆண்டிற்கு 5.5 விழுக்காடும், 2024ஆம் ஆண்டிற்கு 6.3 விழுக்காடும் ஈவுத்தொகை அறிவித்தது. 5 விழுக்காடு எனக் குறைத்தே கொண்டாலும், இன்று தொடாமல் விட்ட 10,000 வெள்ளி 20 ஆண்டுகளில் 26,500 வெள்ளியாக வளர்ந்து நிற்கும். அப்போது சம்பளம் இராது, இத்தொகை இருக்கும். இன்று பொருத்தும் பளபளப்போ அதற்குள் இன்னொரு முறை ‘பழசாகி’ எறியப்பட்டிருக்கும்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இப்போது ஒரு வீட்டில் இரண்டு சமையலறைகள் வேண்டுமாம். முன்னே இருப்பது ‘உலர்’ சமையலறை. பின்னே இருப்பது ‘ஈரச்’ சமையலறை. வெண்பளிங்கு போன்ற மேடையும் ஒளிவிளக்கும் கண்ணாடிக் கதவும் முன்னதற்கு. தாளிப்பும் புகையும் மீன் கழுவும் வேலையும் பின்னதற்கு. சமைக்காத சமையலறைக்குப் பல்லாயிரம் வெள்ளி; சமைக்கும் சமையலறைக்கு ஒரு பழைய அடுப்பு. விரலுக்கேற்ற வீக்கம் என்றார் முன்னோர். இங்கு விரல் மெலிய, வீக்கம் மட்டும் வளர்கிறது.

எதிர்வாதங்களும் அவற்றின் வலுவும்

இடித்துக் கட்டுவோர் தரப்பிலும் வாதங்கள் உண்டு. அவற்றைக் கேளாமல் தீர்ப்பளித்தல் முறையன்று.

புதியது நீண்ட நாள் உழைக்கும் என்பது முதல் வாதம். எதனால் செய்யப்பட்டது என்று கேளாமல் இதனை ஏற்க இயலாது. பழைய கூடு ஒட்டுப்பலகையால், அதாவது பிளைவுட்டால் ஆனதாக இருந்து, புதியது மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய துகள்பலகையாக இருந்தால், வாங்குபவர் உயர்ந்ததைக் கொடுத்துத் தாழ்ந்ததைப் பெறுகிறார். துகள்பலகை ஒருமுறை நீர் குடித்து உப்பினால் மீண்டும் பழைய வடிவத்திற்குத் திரும்பாது. பினாங்கின் ஈரக்காற்றில், நீர்த்தொட்டியின் கீழ், அதன் விதி விரைவில் எழுதப்படுகிறது.

கதவை மாற்றினாலே பாதிச் செலவு ஆகிறது. இன்னும் கொஞ்சம் சேர்த்து முழுவதையும் மாற்றுவதே மேல் என்பது இரண்டாம் வாதம். வாய்ப்பந்தல் போடும் குத்தகையாளர் விரும்பி வீசும் வலை இது. அந்த ‘இன்னும் கொஞ்சம்’ எங்கே முடிகிறது என்பதை அவர் சொல்வதில்லை. கீழ்க்கூட்டைப் பெயர்த்தால் அதன்மேல் அமர்ந்த மேடை உடையும். மேடை உடைந்தால் சுவர் ஓடு பெயரும். ஓடு பெயர்ந்தால் குழாயும் மின்கம்பியும் இடம் மாறும். எல்லாம் மாறிய பிறகு தரை மட்டும் பழையதாகத் தோன்றும். ஒரு கைப்பிடி தளர்ந்ததில் தொடங்கிய பயணம் தரையை உடைப்பதில் முடிகிறது. அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு இதில் ஆபத்தும் உண்டு. 1970ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த ரைபிள் ரேஞ்ச் குடியிருப்பைப் போல், முன்வார்ப்புக் கற்காரைப் பலகைகளால் கட்டிய மாடிகளில் சுவரே சுமைதாங்கியாக இருக்கக்கூடும். பொறியாளரைக் கேளாமல் அதனைக் குடைவது தன் வீட்டை மட்டுமன்று, மேல்வீட்டையும் ஆட்டங்காணச் செய்யும் செயலாகும்.

கரையான் வந்துவிட்டது, ஆகவே மாற்றுகிறோம் என்பது மூன்றாம் வாதம். இதுவே மிகப் பெரிய பிழை. தீபகற்ப மலேசியாவின் நகரக் கட்டடங்களை மிகுதியாகத் தாக்குவது கோப்டோடெர்மிஸ் கெஸ்ட்ரோய் எனும் கரையான். அதன் கூட்டம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வாழ்கிறது. அலமாரிக்கு வருவது உணவு தேடும் படை மட்டுமே. அலமாரியை எறிந்தால் கரையான் போகாது. புதிய அலமாரி வந்தால் அதற்குப் புதிய விருந்து வந்தது என்றே பொருள். முதலில் அழிக்க வேண்டியது கரையான் கூட்டத்தை. மரத்தைப் பற்றிய முடிவு அதற்குப் பின்னரே.

நாளெல்லாம் அடுக்களையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு நல்ல சமையலறை வேண்டாமா என்பது நான்காம் வாதம். மற்ற மூன்றைவிட வலுவானது இதுவே. வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அவளை யாரேனும் கேட்டார்களா? மேடை உயரம் குறைவாக இருப்பதால் இடுப்பு வலிக்கிறது என்பாள். தாளிப்புப் புகை வெளியேற வழியில்லை என்பாள். வெட்டும் இடத்தில் தன் நிழலே விழுகிறது என்பாள். கீழ்த்தட்டின் மூலையிலுள்ள பானையை எடுக்க முழந்தாளிட வேண்டியிருக்கிறது என்பாள். கதவின் நிறத்தைப் பற்றி அவள் கடைசியாகவே பேசுவாள். நிறத்தை முதலில் பேசுவோர் அங்கே சமைக்காதவர். கூட்டைக் காத்து மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு புகைபோக்கி விசிறி, மேடைக்கு மேல் ஒரு நல்ல விளக்கு, கீழ்த்தட்டுக்குப் பதில் இழுப்பறை ஆகியவற்றை அமைத்தால், அவள் உடலுக்கு ஓய்வு கிடைக்கும். முழு அலமாரியையும் மாற்றி அதே உயரத்தில், அதே இருளில், அதே புகையில் அவளை நிறுத்துவது அவளுக்குச் செய்யும் சிறப்பன்று.

நகரம் தரும் பாடம்

கூட்டையும் முகத்தையும் பற்றிய இவ்வழக்கு ஜார்ஜ்டவுன் மக்களுக்குப் புதியதன்று. அந்நகரமே இவ்வழக்கில் நெடுங்காலமாகச் சாட்சிக் கூண்டில் நிற்கிறது.

அங்குள்ள பழைய கடைவீடுகளில் குடியிருந்தோரை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்துவந்தது. 1997இல் நிறைவேறிய நீக்கச் சட்டத்தின்படி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அப்பாதுகாப்பு முடிவுற்றது. வாடகை உயர்ந்தது, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பல குடும்பங்கள் பெயர்ந்தன. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. தெருவைப் பார்க்கும் முகம் காக்கப்பட்டது; பின்கட்டில் சமைத்த குடும்பம் காக்கப்படவில்லை. பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பல வண்ணச் சன்னல்களின் பின்னே அடுப்பு அணைந்து ஆண்டுகள் பல ஆயின. முகத்தை மட்டும் போற்றிக் கூட்டை மறந்தால் விளைவது யாதென இதைவிடத் தெளிவாக யார் கூற இயலும்?

அந்தச் சுவர்கள் மற்றொரு பாடத்தையும் போதிக்கின்றன. பழைய செங்கற்சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். அதன்மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விடும். சுவர் மூச்சுவிடுகிறது என்று கொத்தனார் கூறுவது இதனையே. அழகு செய்வதாக எண்ணி, சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டைப் பூசி, அதன்மேல் நீர்புகா வண்ணத்தை அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். உப்பு பூக்கும், செங்கல் பொடியும், புதிய முகம் கொப்புளித்து உதிரும். ஆகவே முகம் மாற்றுதல் எப்போதும் நன்மை என்று வாதிப்பதும் பேதைமையே. கூட்டின் இயல்பறிந்து போடும் முகம் கூட்டைக் காக்கும். கூட்டின் நோயை மூடும் முகம் கூட்டைக் கொல்லும். சுவருக்குப் பொருந்தும் இந்நீதி அலமாரிக்கும் பொருந்தும். ஈரம் ஏறிய பலகையின்மேல் பசைத்தாளை ஒட்டி மறைப்பவர், சிமெண்டு பூசிச் சுவரைக் கெடுத்தவரின் உடன்பிறப்பே ஆவார்.

சோதித்தபின் செய்க

எனவே முதற்கடமை சோதனை. அலமாரியை முற்றாகக் காலி செய்க. நீர்த்தொட்டியின் கீழுள்ள அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்துக. அமுங்கினால் அந்தப் பெட்டி போயிற்று. பக்கப் பலகையை விரல்முட்டியால் தட்டுக. வெற்றோசை எழுந்தால் உள்ளே கரையான் உண்டிருக்கலாம். சுவரோரத்தில் மண்குழாய் ஓடுகிறதா என விளக்கிட்டு நோக்குக. கீலின் திருகாணி பிடிமானம் இழந்ததா எனப் பார்க்க. பெரும்பாலான வீடுகளில் நோய்வாய்ப்பட்டிருப்பது நீர்த்தொட்டிப் பெட்டி ஒன்றே. பத்துப் பெட்டிகளில் ஒன்று அழுகினால் ஒன்றை மாற்றுவதே நீதி. ஒன்றின் குற்றத்திற்காக ஒன்பதைத் தண்டிப்பது கொடுமை.

கூடு நலமெனத் தெரிந்தபின் முகத்தை மாற்றப் பல வழிகள் உண்டு. மிக மலிவானது பசைத்தாள். அடுப்பின் ஆவியிலும் எண்ணெயிலும் அது ஓரம் கழன்று சுருளும். அடுத்தது வண்ணம். சலவைச் சோடா நீரால் எண்ணெய்ப் பிசுக்கை முற்றாக நீக்கி, உப்புத்தாள் தேய்த்து, அடிப்பூச்சு இட்டபின் அடிக்கும் வண்ணம் ஆண்டுகள் பல நிற்கும். பிசுக்கின்மேல் அடித்த வண்ணம் பண்டிகை முடியும் முன் உரியும். மிகப் பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் அதனைத் தூசு பறக்க உலர்வாகத் தேய்த்தல் தகாது, குழந்தைகள் உள்ள வீட்டில் ஒருபோதும் தகாது. மூன்றாவது, பழைய கதவின்மேல் புதிய தகட்டை ஒட்டுதல். முன்புறம் மட்டும் ஒட்டினால் கதவு வளையும்; பின்புறத்திலும் அதற்கு ஈடான தகடு வேண்டும். நான்காவது, புதிய கதவையே மாட்டுதல். எவ்வழியைக் கொண்டாலும் பலகையின் நான்கு விளிம்புகளையும் அடைத்தல் வேண்டும். நீர் முகத்தின் வழியே புகுவதில்லை. விளிம்பின் வழியே புகுகிறது. அதனை மறந்தவரின் வேலை அழகாகத் தொடங்கி அசிங்கமாக முடியும்.

வேலையை ஒப்படைக்கும்போது எழுத்து வேண்டும். என்ன பலகை, எத்தனை கதவு, எந்நாளில் முடிவு, எக்கட்டத்தில் எவ்வளவு பணம் என்பவை தாளில் இருத்தல் வேண்டும். முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு தலைமறைவானவரைத் தேடி அலைந்த குடும்பங்கள் இந்நாட்டில் குறைவல்ல. அவர்களுக்கு வழியும் இல்லாமல் இல்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில், 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்குரைஞர் இன்றியே, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்றாண்டுக்குள் பதியலாம். தமிழரில் எத்தனை பேர் இதனை அறிவர்? 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அதனைப் பல பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீசும், தேவைக்கு மேல் வாங்காதீர், வாங்குமுன் கேளுங்கள் என்று ஓயாது உரைத்தனர். பினாங்கில் எழுந்த அக்குரலுக்குப் பினாங்குத் தமிழரே செவி சாய்க்காமற்போவது முறையோ?

பால்மரத்தின் முறையீடு

எறியப்படும் பலகை எங்கே செல்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடைத்த கட்டடப் பொருளையும் பருத்த வீட்டுக் கழிவையும் பினாங்குத் தீவு நெடுங்காலம் ஜெலுத்தோங் கடலோரக் குப்பைமேட்டில் கொட்டியது. பெருநிலத்தில் உள்ள பூலாவ் புரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் தீப்பற்றி எரிந்தபோது, சுற்றுப்புறத்து மக்கள் நாள் பல நச்சுப்புகையைச் சுவாசித்தனர். வீட்டு வாயிலை விட்டு லாரி அகன்றதும் குப்பை மறைந்துவிடுவதில்லை; வேறோர் ஏழையின் வாயிலுக்குப் போகிறது.

அந்தப் பலகைகளுள் பால்மரப் பலகையும் உண்டு. 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகாகவே மதிக்கப்பட்டது. அறுத்த சில நாட்களுக்குள் பூஞ்சணமும் வண்டும் அதனைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை ஊட்டிப் பதப்படுத்தும் முறை வழக்கிற்கு வந்தபின், 1980களிலிருந்து அது தட்டுமுட்டுப் பொருள்களுக்குரிய மரமாக உயர்ந்து, மலேசியாவின் ஏற்றுமதிச் செல்வங்களுள் ஒன்றாயிற்று. விறகென எரிக்கப்பட்டதையும் வீட்டுப் பொருளாக்கியது அறிவியல். வீட்டுப் பொருளாக நிற்பதையும் குப்பையாக்குகிறது பகட்டு.

அந்த மரங்களை விடியற்பொழுதில் சீவியவர் யார்? பாலைத் தோளில் சுமந்தவர் யார்? லயத்து வீட்டின் பின்புறத்தில், விறகடுப்பின் முன், ஒரு பலகைத் தட்டும் இல்லாமல் சமைத்து மக்களைப் படிக்க வைத்தவர் யார்? அம்மக்களின் மக்கள் இன்று தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கின்றனர். அவர்கள் நல்ல சமையலறையை விரும்புவது குற்றமன்று. அது அவர்தம் உரிமை. ஆனால் சேமிப்பைக் கரைத்தும் கடனை ஏற்றும், திடமாக நிற்கும் மரத்தை உடைத்தும் அதனைப் பெறுவது, அந்தப் பாட்டன் பாட்டியரின் வியர்வைக்குச் செய்யும் நன்றியாகாது.

தீபாவளி வரட்டும், வீடு புதுப்பொலிவு பெறட்டும். ஆயினும் குத்தகையாளரை அழைக்குமுன் அலமாரியைத் திறந்து உள்ளே நோக்குக. சமைப்பவளை அழைத்து அவளுக்கு எது வேண்டுமெனக் கேட்க. அழுகியதை அஞ்சாது அகற்றுக. நல்லதை நாணாது வைத்துக்கொள்க. கதவு புதிதாகட்டும், வண்ணம் புதிதாகட்டும், கைப்பிடி புதிதாகட்டும். மிஞ்சிய பணம் பிள்ளையின் கல்விக்கும் முதுமையின் மருந்துக்கும் நிற்கட்டும். அடுத்த வீட்டார் மெச்சாவிட்டாலும் அதனால் குறைவொன்றும் இல்லை. கடன்காரர் கதவைத் தட்டாத வீட்டில் சோறு நன்றாகவே வேகும்.